பதினாறாம் மூடிக்குள் பத்தாம் ரீல்

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு காலையில், பல் தேய்த்தபடியே செல்போனில் ஒரு குரல் பதிவைக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன். "இன்னாச்சு, ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்று என் மனைவி ஓடி வந்தாள். பிரஷ்ஷும் கையுமாக வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருவண்ணாமலையில் சினிமா ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போதைய தியேட்டர்களில் வேலை செய்யும் பிள்ளைகள், "உங்க சர்வீஸ்ல நடந்தத எழுதுங்க சார்" என்று ரொம்ப நாளாக நச்சரித்தார்கள். கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டினால் படம் ஓடுகிற காலத்தில், கார்பன் குச்சிப் புகையைப் பற்றியும் இடுப்பு வலியைப் பற்றியும் யாருக்கு என்ன எழுதுவது? போங்கடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று தட்டிக் கழித்தேன். இப்போது நானே எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பழைய தியேட்டர்க்காரர்களும் சினிமாப் பைத்தியங்களும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். பெயர் மறந்துபோன படத்தைத் துண்டு துண்டாகச் சொல்லி யாராவது கேட்பார்கள். ஒரு மாட்டு வண்டி, பறந்து போகும் ஒரு குடை, குருடன் வேஷம் போட்ட போலீஸ்காரன், என்ன படம்? மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நான் டீ குடித்து முடிப்பதற்குள் பெயரைச் சொல்லிவிடுவேன். குடை பறப்பது ஏழாம் ரீலின் கடைசி, வலது ஓரத்தில் ஒரு கீறல் ஓடும் என்பதுவரை சொல்வேன். இதில் ஒன்றும் மாயமில்லை. ரசிகன் ஒரு படத்தை இரண்டு தடவை பார்ப்பான், மிஞ்சினால் மூன்று. நான் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக ஒரு நாளைக்கு நாலு தடவை பார்த்தவன். கதை மறந்தாலும் ரீல் மறக்காது. இந்தக் குழுவில் நான் தோற்றதே இல்லை என்ற திமிரும் எனக்கு உண்டு.

அன்று காலை வந்த குரல் ஒரு பெண்ணுடையது.

"வணக்கம்ங்க. கீழ்பென்னாத்தூர்லருந்து செல்வி பேசறேன். எங்கம்மா ஒரு படம் கேக்கறாங்க, பேர் தெரியலன்றாங்க. கருப்பு வெள்ள படம். ஒரு பொம்பள, இடுப்புல கொழந்த, ராத்திரில கெணத்து மேட்டுல நிக்கிறா. காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. அப்புறம் விடிஞ்சிடுது. அவ வூட்டுக்குத் திரும்பி வந்து, வாசல் தெளிச்சு, அடுப்பு பத்த வெக்கிறா. பால் பொங்கி வழியுது. கொழந்த சிரிக்குது. அதோட படம் முடிஞ்சிடுது. திருவண்ணாமலையில மேட்னி பாத்தோம், எனக்கு ஏழு வயசு. அம்மாவுக்கு ஒரு கண்ணு போயிடுச்சுங்க. இன்னொண்ணும் ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள அந்தப் படத்த ஒரு தடவ பாக்கணுமாம். யாராச்சும் சொல்லுங்க, புண்ணியமாப் போவும்."

குழுவில் பதில்கள் மளமளவென்று விழுந்தன. முதலில் ஒருவர் ஒரு படத்தின் பெயரைப் போட்டார். உடனே இன்னொருவர், "அதுல அவ கெணத்துல விழுந்து செத்துடுவாளே, திரும்பி எங்க வந்தா?" என்று மறுத்தார். வேறு பெயர்கள் வந்தன, அவையும் பொருந்தவில்லை. கடைசியில் ஒரு பெரிய மனிதர் தீர்ப்பு சொன்னார்: "அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. ரெண்டு படத்தக் கலந்து கட்டிட்டாங்க. அப்படி ஒரு படமே கெடையாது."

அப்படி ஒரு படம் உண்டு. உலகத்திலேயே ஒரே ஒரு தடவைதான் அது ஓடியது. ஓட்டியவன் நான்.

என் தொழில் படிப்பை நாலு வரியில் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு தேறவில்லை. தியேட்டரில் போஸ்டர் ஒட்டினேன், பிறகு ரீல் சுற்றினேன். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டாம் முறை தேறினேன். மற்றதெல்லாம் நயினாரிடம் வாங்கிய திட்டில் கற்றதுதான்.

நயினார் எங்கள் தலைமை ஆபரேட்டர். அப்பாண்டராஜ நயினார், இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஒல்லியான ஆள், சட்டையில் ஒரு மசி இருக்காது. சத்தம் போட்டே பேசமாட்டார், ஆனால் அவர் "ஏம்பா" என்று இழுத்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பேன். பொழுது சாய்ந்த பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் அவர் வாயில் போகாது. அதனால் மேட்னி முடிகிற நேரம்தான் அவருக்கு ராச்சாப்பாட்டு நேரம். கேபினுக்கு வெளியே இரும்புப் படியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பார். அந்தக் கால்மணி நேரம் மெஷின் என் பொறுப்பு.

அவருடைய சட்டம் ஒன்றுதான்: "மூடிய நம்பாத, ஃபிலிமப் பாரு." ஒரு படம் பதினாறு ரீல் என்றால் பதினாறு டின்னில் வரும். மூடியின் மேல் பெயிண்டில் நம்பர் இருக்கும். ஃபிலிமின் தொடக்கத்திலும் நம்பர் எழுதிய வெற்றுத் துண்டு கொஞ்சம் இருக்கும். ஆனால் ஊர் ஊராகச் சுற்றிய பழைய பிரிண்டில் அந்தத் துண்டு கிழிந்துபோய், யாரோ கறுப்பு ஃபிலிமை ஒட்டி வைத்திருப்பார்கள். அதனால் டின்னைத் திறந்ததும் ஓரடி உருவி, பல்புக்கு எதிரே பிடித்து, அதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும். நயினார் தானே சுற்றி வைத்த ரீலைக்கூட அப்படிப் பார்ப்பார். எனக்கு அது வீண் வேலையாகத் தோன்றும். வயசு அப்படி.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு பழக்கமும் இருந்தது. பௌர்ணமியன்று மலை சுற்ற வரும் கூட்டம் வெயில் தாழும்வரை எங்கே போகும்? தியேட்டருக்குத்தான் வரும். நாலு காட்சிக்குப் பதில் ஐந்து ஓட்டுவோம். நேரம் போதாது. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் ஒரு ரீலை ஓட்டாமல் விட்டுவிடுவோம். எங்களுக்குள் அதற்குப் பௌர்ணமி ரீல் என்றே பெயர். எதை விடுவது என்று நயினார்தான் முடிவு செய்வார். முந்தின நாளே உட்கார்ந்து, எதை எடுத்தால் கதையில் ரத்தம் வராது என்று யோசிப்பார்.

அந்தப் படத்துக்கு அவர் பத்தாம் ரீலை எடுத்தார். ஒன்பதாம் ரீலின் கடைசியில் அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோபத்தில் வீட்டை விட்டுப் போவாள். பத்தாம் ரீலில் விடியற்காலையில் திரும்பி வருவாள். வாசல் தெளிப்பாள், அடுப்புப் பற்றவைப்பாள், பால் பொங்கும், ஒரு தாலாட்டு. பதினொன்றில் பழையபடி வீட்டில் இருப்பாள். பத்தை எடுத்தாலும் சனங்கள் சமாளித்துக்கொள்வார்கள். பதினைந்தாம் ரீல் முடியும்போது அவள் இடுப்பில் பிள்ளையோடு கிணற்று மேட்டில் நிற்பாள். பதினாறில் எல்லாம் முடிந்துவிடும், ஊரே கூடி அழும்.

அன்று பௌர்ணமி, மேட்னிக் காட்சி. காலைக் காட்சியில் பதினாறாம் ரீலின் நடுவே ஒரு ஒட்டு விட்டுப்போயிருந்தது. பதினாலு ஓடிக்கொண்டிருந்தபோது அதை எடுத்து வைத்து ஒட்டினேன். பக்கத்திலேயே பௌர்ணமி ரீல், அந்தப் பத்து, மேசையில் சும்மா கிடந்தது. தூசி தட்டி வைப்போம் என்று அதன் டின்னையும் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மெஷினில் வெளிச்சம் மங்கியது, கீழே விசில் பறந்தது. ஓடிப்போய், மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியைச் சரி செய்துவிட்டு வந்து இரண்டு டின்னையும் மூடினேன். எந்த மூடியை எதற்குப் போட்டேன் என்று சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது.

நயினார் படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பதினாறு என்று போட்ட டின்னை எடுத்தேன். பல்புக்கு எதிரே பிடிக்கவில்லை. ஏற்றினேன். பதினைந்து முடியப்போகிறது என்று திரையின் மூலையில் புள்ளி விழுந்தது, அடுத்த மெஷினுக்கு மாற்றினேன்.

ஓட்டை வழியாகப் பார்த்தேன். கிணற்று மேடு போய், விடியல் வந்தது. தோளில் தூங்கும் பிள்ளையோடு அவள் தெருவில் நடந்து வருகிறாள். ஐயோ என்று என் வாயிலிருந்து சத்தமே வந்துவிட்டது. நிறுத்தலாமா, விளக்கைப் போடலாமா, எந்த டின்னில் பதினாறு இருக்கிறது, ஒன்றும் ஓடவில்லை. நயினார் கையைக்கூடக் கழுவாமல் உள்ளே வந்தார். ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து கீழே சனங்களைப் பார்த்தார்.

"நிறுத்தாத," என்றார். "ஒரு சனம் எழுந்திரிக்கல பாரு. ஓடட்டும்."

கேடு என்னவென்றால் அது அவ்வளவு அழகாகப் பொருந்தியது! ஏழைப் பெண் என்பதால் படம் முழுக்க அவளுக்கு ஒரே சேலை. ராத்திரியில் கிணற்று மேடு, விடிந்ததும் வீடு. பால் பொங்கியது. ரீல் முடிந்ததும் நயினாரே வணக்கம் ஸ்லைடைப் போட்டார். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தபடி வெளியே போனார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும், "இதுல அவ செத்துடுவாளே?" என்று கீழே சண்டைக்கு வந்தார். "இது புது பிரிண்ட்டுங்க" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார்.

நயினார் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "ஏம்பா," என்றார். "கதைய மாத்த வேற ஆளு இருக்காங்க. நம்ம வேல நம்பர் மாறாம ஓட்டறது." ஒரு மாசம் மெஷினைத் தொடவிடவில்லை, ரீல் மட்டும் சுற்றினேன். எனக்கு அடுத்து வந்தவனெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த அவமானம் என்னோடேயே இருந்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பல்பில் பிடித்துப் பார்க்காமல் ஒரு ரீலைக்கூட நான் ஏற்றியதில்லை.

என் மனைவி உட்பட ஒருவரிடமும் சொல்லாமல் மூடி வைத்திருந்த இந்தத் தப்பைத்தான், முப்பத்தெட்டு வருஷம் கழித்து ஒருத்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து காட்சி காட்சியாகச் சொல்கிறாள். நுரையை விழுங்காமல் என்ன செய்வேன்?

செல்விக்குப் போன் செய்தேன். எனக்குப் படம் தெரியும், கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். "நெஜமாவா சார்? அம்மா நம்பவே மாட்டாங்க!" என்று அழுதேவிட்டாள்.

படம் இன்டர்நெட்டில் முழுதாக இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய்க் காட்டினால்? கண் போகப்போகிற ஒரு அம்மா ஆசையாகக் கேட்ட கடைசிப் படத்தில், பொங்குகிற பாலுக்குப் பதில் பிணத்தைக் காட்டுவதா? ராத்திரியெல்லாம் புரண்டேன். செங்கம் ரோட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் ரஃபி எனக்குப் பழக்கம். அவனிடம் போய், இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை வெட்டி, கொண்டுபோய்க் கடைசியில் ஒட்டு, அதற்கப்புறம் இருப்பதைத் தூக்கிப் போடு என்றேன்.

"இன்னா சார் இது, படத்தோட முடிவையே காலி பண்றீங்க?" என்று சிரித்தான்.

"ஏற்கெனவே பண்ணினதுதான். ஒட்டு," என்றேன்.

ஒட்டியதும், பல்புக்கு எதிரே பிடிப்பதுபோல, அந்தத் துண்டின் முதல் காட்சியை நிறுத்தி நானே பார்த்துக்கொண்டேன்.

செல்வி வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வேர்க்கடலை மூட்டைகள் அடுக்கிய கூடத்தில் டிவி. அவள் அம்மா தனபாக்கியம், எழுபதை ஒட்டிய வயசு, டிவிக்கு ஒரு முழத்தில் நாற்காலியைப் போட்டு முகத்தை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பென் டிரைவைச் சொருகினேன். படத்தின் பெயர் வந்தது. செல்விதான் பேசிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு எனக்குப் புதுப் பாவாட எடுத்துக் குடுத்தாங்க சார். முறுக்கு, கலர் சோடா, கேட்டதெல்லாம் வாங்கித் தந்தாங்க. என் வாழ்க்கையில அப்படி ஒரு நாளே இல்ல சார்."

பதினைந்தாம் ரீல் வந்தது. கிணற்று மேடு. தனபாக்கியம் அம்மா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். விடிந்தது. அவள் தெருவில் நடந்து வந்தாள். அம்மாவின் வாய் திறந்துகொண்டது. பால் பொங்கி வழிந்தபோது விசும்பலும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. திரை இருண்டது.

"அப்போ நெஜந்தான்," என்றார். "நான் கனவு காணல."

"என்னாம்மா சொல்ற?" என்றாள் செல்வி.

"இந்தப் படத்த நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன். மொதல்ல வேலூர்ல, எங்கக்கா வூட்டுக்குப் போனப்ப. அங்க இவ திரும்பி வரல. புள்ளையோட போயிட்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்வி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்குப் பேரு தெரியுமா? ஏம்மா, பேரே தெரியாதுன்னு சொன்னியே!"

"தெரியும். பேரச் சொன்னா அவ சாவற படத்தக் கொண்டாந்து வெச்சிருப்ப. எனக்கு வேண்டியது அது இல்ல." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அன்னிக்கு உன்னக் கூட்டிக்கினு நான் வூட்ட விட்டுக் கெளம்பிட்டேன்டி. திரும்பற எண்ணமே இல்ல. தைரியம் பத்தல. ஊர்ல போஸ்டரப் பாத்தேன். இவ எப்படிப் போனான்னு இன்னொரு தடவ பாத்துட்டா தைரியம் வந்துடும்னு உள்ள நொழஞ்சேன். பாத்தா, இவ திரும்பி வந்து அடுப்புப் பத்த வெக்கிறா! நான் அப்படியே கல்லாட்டம் ஒக்காந்துட்டேன். செத்தவளே திரும்பி வந்துட்டா, எனக்கு இன்னா வந்துச்சுன்னு தோணிச்சு. நீ என் மடியில தூங்கிட்ட. உன்னத் தூக்கிக்கினு நேரா பஸ்சு ஏறினேன். அண்ணாமலையாருதான் எனக்காகக் கதையையே மாத்திட்டாருன்னு இன்னி வரைக்கும் நெனச்சிக்கினு இருக்கேன்."

அப்போது அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொன்னார். அது அவர்கள் வீட்டு விஷயம், எழுதமாட்டேன். செல்வி சுவரோடு சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்போ அந்தப் பாவாட..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

சாமிக்குக் கிடைத்த பெயரை நான் எடுத்துக்கொள்ளலாமா, பேசாமல் எழுந்து போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தவித்தேன். ஆனால் வாய் கேட்கவில்லை.

"அம்மா, அது நாந்தாம்மா. நான்தான் ஆபரேட்டரு. மூடிய மாத்திப் போட்டுட்டேன். பாக்காம ஓட்டிட்டேன்."

அவர் திரும்பினார். "கிட்ட வா தம்பி," என்றார். போய்க் காலடியில் உட்கார்ந்தேன். என் முகத்தை இழுத்து, மிச்சமிருந்த அந்தக் கண்ணுக்கு நேரே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மூச்சு என் முகத்தில் பட்டது.

"திட்டினாங்களா உன்ன?"

"ஒரு மாசம் மெஷினத் தொட வுடலம்மா."

"அடப் பாவமே," என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா வந்து சொல்லியிருப்பேனே."

நான் அழுதேன். இந்த வயசில், முன்பின் தெரியாத வீட்டில், கடலை மூட்டை நடுவே உட்கார்ந்து அழுதேன். சரியாக ஓட்டிய ஆயிரக்கணக்கான காட்சிகளில் ஒன்றைப் பற்றிக்கூட யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. நயினார் போய் வெகு காலமாகிறது. இருந்திருந்தால் அன்றே பஸ் ஏறிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

குழுவில் இன்னமும் கேட்கிறார்கள்: என்ன படம் சார் அது, பெயரைச் சொல்லுங்க. பிள்ளைகளே, முதல் தடவையாக நான் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தேடிப் பார்ப்பீர்கள், அவள் செத்துவிடுவாள்.

அன்று அந்த வீட்டிலிருந்து நான் கிளம்பும்போது செல்வி வாசல்வரை வந்தாள். "அந்தப் புள்ளைக்கு இன்னா வயசு இருக்கும் சார், படத்துல?" என்று கேட்டாள்.

"ரெண்டு, ரெண்டரை இருக்கும்மா."

"நான் ஏழு வயசு சார். நல்லா கனமா இருப்பேன். தியேட்டர்லருந்து தூக்கினவங்க, நான் முழிச்ச பெறவும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்ன எறக்கியே வுடல," என்றாள். பிறகு உள்ளே ஓடி, அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.